ஒப்புதல் படிவத்தில் யாருடைய கையெழுத்து?

கேள்வி: சினையாக இருக்கும் நாயைக் கொண்டுபோனால் கால்நடை மருத்துவர் அரை மணி நேரத்தில் கருவைக் கலைத்து அனுப்பிவிடுகிறார். அதையே ஒரு பெண் கேட்டால் சட்டம், குழு, நீதிமன்றம் என்று போகிறது. இந்த இரட்டை நிலை ஏன்? கால்நடை மருத்துவர்களுக்கு மனம் உறுத்தாதா? அவர்களைப் பார்த்து மனித மருத்துவம் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிறதா? மனிதர்களுக்கான மாத்திரையை நாய்க்குக் கொடுக்கலாமா?

பதில்:

கால்நடை மருத்துவம் என் தொழில். அதனால் அந்த "அரை மணி நேரம்" என்பதை முதலில் திருத்திவிடுகிறேன். வேலி தாண்டி வந்த ஆண் நாயோடு தன் பெட்டை இணைந்துவிட்டது என்று பதறிக்கொண்டு வருபவர்களிடம் நாங்கள் பெரும்பாலும் சொல்வது "கொஞ்சம் பொறுங்கள்" என்பதுதான். நாயின் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். இணைந்த எல்லாப் பெட்டைக்கும் சினை நிற்பதில்லை. நிற்காததற்கு எதற்கு மருந்து? நான்கு வாரம் கழித்து ஸ்கேன் வைத்தால் கருப்பைக்குள் வரிசையாகக் கறுப்புப் பைகளும் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு துடிப்பும் தெரியும். முடிவெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஒரு காலத்தில் வந்த கையோடு ஈஸ்ட்ரோஜன் ஊசி போட்டு அனுப்பினார்கள். அதனால் எலும்பு மஜ்ஜை செயலிழக்கலாம், கருப்பையில் சீழ் பிடிக்கலாம் என்று தெரிந்த பிறகு அந்தப் பழக்கம் பெரும்பாலும் ஒழிந்தது. இப்போது, இனி குட்டியே வேண்டாம் என்பவர்களுக்குக் கருப்பையையும் சூலகங்களையும் சேர்த்தே எடுத்துவிடுகிறோம். பின்னால் குட்டி வேண்டும் என்பவர்களுக்கு, அந்த மருந்து கிடைக்கும் நாடுகளில், அக்லெப்ரிஸ்டோன் ஊசி: 24 மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை, இணைந்த நாளிலிருந்து 45 நாளுக்குள். சீக்கிரமே போட்டுவிட்டால் கரு உள்ளேயே கரைந்து உடலால் உறிஞ்சப்பட்டுவிடும். லேசான கசிவைத் தவிர வெளியே ஒன்றும் தெரியாது. நாள் தள்ளிப்போனால் கரு வெளியே வரும். பெட்டை அதை நக்கும், சில சமயம் தின்றும்விடும். வளர்ப்பவர் அதைக் கண்ணால் பார்ப்பார். இதை முன்கூட்டியே சொல்லாமல் விட்டால் இரவு இரண்டு மணிக்கு அழுகையோடு போன் வரும்.

மருந்தியல் கணக்கில் பார்த்தால் உங்கள் சந்தேகம் நியாயமானது. கர்ப்பத்தைத் தாங்கி நிற்பது புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன். அது போய் உட்கார வேண்டிய இடத்தை அக்லெப்ரிஸ்டோன் பிடித்துக்கொள்கிறது. பெண்களுக்குக் கொடுக்கும் மிஃபெப்ரிஸ்டோன் செய்வதும் இதையேதான். இரண்டும் ரூசெல்-யுக்லாஃப் என்ற ஒரே பிரெஞ்சு நிறுவனத்தின் ஆய்வகத்தில் பிறந்தவை. மிஃபெப்ரிஸ்டோனுக்கு 1988இல் பிரான்ஸ் அனுமதி கொடுத்தது. எதிர்ப்புக்குப் பயந்து சில வாரங்களிலேயே நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றது. இந்த மருந்து பெண்களின் தார்மீகச் சொத்து என்று சொல்லிச் சுகாதார அமைச்சர் குளோத் எவான் மறுபடி விற்பனைக்குக் கொண்டுவர வைத்தார். அதன் தங்கை மருந்து நாய்களுக்கு வந்தபோது ஊர்வலமும் இல்லை, அமைச்சர் அறிக்கையும் இல்லை. பசுவின் கருவைக் கலைக்கும் புரோஸ்டாகிளாண்டின் மருந்துப் புட்டியில் கர்ப்பிணிகள் இதைக் கையாளக் கூடாது என்று அச்சடித்திருக்கும், தோல் வழியாகவே உடலுக்குள் போய்விடும் என்பதால். கர்ப்பமாக இருக்கும் கால்நடை மருத்துவர் அந்த ஊசியைச் சக மருத்துவரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பார். அந்த மருந்துக்குப் பசுவும் பெண்ணும் ஒன்றுதான்.

எங்கே பிரிகிறது என்றால், ஒப்புதல் படிவத்தில். எங்கள் படிவத்தின் கடைசி வரி "உரிமையாளர் கையெழுத்து". நோயாளிக்கு அதில் இடமில்லை. குழந்தை மருத்துவத்திலும் அப்படித்தானே என்று கேட்கலாம். அங்கே பெற்றோர் குழந்தையின் நலனுக்காகத்தான் கையெழுத்துப் போட முடியும். நலனுக்கு எதிராகப் போட்டால் நீதிமன்றம் தலையிடும். விலங்கின் உரிமையாளருக்கு அந்தக் கட்டாயம் மிகக் குறைவு. நேரமில்லை, செலவு கட்டாது, வேறு இனத்தோடு கலந்துவிட்டது, எந்தக் காரணமும் செல்லும். இறைச்சிக்காகக் கொழுக்க வைக்கும் பண்ணைகளில் சினையோடு வந்து சேரும் கிடேரிகளுக்குக் கூட்டம் கூட்டமாகப் புரோஸ்டாகிளாண்டின் போடுவது வாடிக்கையான வேலை. ஏனென்றால் அங்கே கன்று ஈன்றால் நஷ்டம். அதே பசு பால் பண்ணையில் இருந்திருந்தால் அந்தக் கருவைக் காப்பாற்ற நாங்கள் ராத்திரி முழுக்க நின்றிருப்போம். எங்கள் பாடநூல்களில் கருச்சிதைவு என்ற அத்தியாயத்தின் பெரும்பகுதி நோய்களைப் பற்றியது. 1897இல் டென்மார்க்கின் பெர்ன்ஹார்ட் பேங் மாடுகளில் கண்டுபிடித்த புரூசெல்லா கிருமி தொடங்கி, வரிசையாக, வேண்டிய கன்று விழுந்துபோகும் காரணங்கள். வேண்டாத கருவைப் பற்றிய பக்கங்களில் மருந்தின் அளவு இருக்கும், நாள் கணக்கு இருக்கும். சரியா தவறா என்ற கேள்வியை அங்கே தேடிப் பிடிக்க வேண்டும்.

குதிரையில் நடக்கும் ஒன்றைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். பெண் குதிரையின் கருப்பை இரட்டையைத் தாங்காது. விட்டுவிட்டால் பெரும்பாலும் இரண்டுமே போகும், சில சமயம் தாயும் சேர்ந்து. அதனால் இணைந்த இரண்டு வாரத்தில் ஸ்கேன் பார்ப்போம். அந்த வயதில் கரு என்பது ஒரு சின்னத் திராட்சை அளவுள்ள நீர்க்குமிழி. 16ஆம் நாள்வாக்கில் ஓரிடத்தில் நிலைகொள்ளும் வரை அது கருப்பைக்குள் இங்குமங்கும் நகர்ந்துகொண்டே இருக்கும். இரண்டு குமிழி தெரிந்தால், மலக்குடல் வழியாக உள்ளே விட்டிருக்கும் கையால் ஒன்றை மெல்லத் தள்ளிக் கருப்பைக் கொம்பின் நுனிக்குக் கொண்டுபோய், விரல்களுக்கிடையே வைத்து அழுத்துவோம். உடைவது விரலுக்குத் தெரியும். திரையில் ஒரு கறுப்பு வட்டம் மட்டும் மிஞ்சும். அந்தப் படத்தை அச்செடுத்துக் கொடுத்தால் உரிமையாளர் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்வார். மனித மருத்துவத்திலும் இதற்கு இணையான சிகிச்சை இருக்கிறது: செயற்கைக் கருத்தரிப்பில் மூன்று, நான்கு கரு நின்றுவிட்டால் மீதியைக் காப்பாற்ற ஒன்றிரண்டைக் குறைப்பது. மருத்துவக் காரணம் கிட்டத்தட்ட அதே காரணம்தான். ஆனால் அங்கே பலமுறை பேச்சு, ஆலோசனை, தயக்கம். பல பெற்றோர் அதை வருடக்கணக்கில் சுமக்கிறார்கள். எந்தக் கருவைக் குறைப்பது என்று தேர்ந்தெடுப்பதே அந்த மருத்துவர்களுக்குப் பெரிய அறச்சிக்கல். குதிரையில், சின்னதாக இருப்பதை உடைக்கிறோம், இல்லாவிட்டால் கைக்கு எட்டுவதை.

கால்நடை மருத்துவர்கள் கல்நெஞ்சுக்காரர்கள் என்று இதை வைத்து முடிவுகட்ட வேண்டாம். எங்கள் துறையில் பிறப்பு என்பது எல்லைக்கோடே இல்லை. மனித மருத்துவத்தில் அது பெரிய கோடு. அதற்கு முன்னால், கரு வெளியே பிழைக்கக்கூடிய கட்டம் என்று இன்னொரு கோடு. விவாதமெல்லாம் இந்தக் கோடுகளை எங்கே போடுவது என்பதில்தான். கால்நடை மருத்துவத்திலோ, பிறந்து ஒரு நாளான குட்டியையும் பத்து வயது நாயையும்கூட வலியில்லாமல் கொல்வதைப் பல நாடுகளின் சட்டம் அனுமதிக்கிறது. அதற்கு "நியாயமான காரணம்" வேண்டும் என்று கேட்கும் ஜெர்மனி போன்ற நாடுகள் குறைவு. பிறந்த உயிரைக் கொல்லவே அனுமதி இருக்கும் இடத்தில் பிறக்காததைப் பற்றித் தனியாக என்ன விவாதம் எழப்போகிறது? அதனால் நாயின் கருக்கலைப்பைப் பெண்ணின் கருக்கலைப்போடு ஒப்பிடுபவர்கள் தவறான பக்கங்களை எதிரெதிரே வைக்கிறார்கள். அதை நாயின் கருணைக்கொலையோடு சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் எங்கள் மனநிலை புரியும்.

விலங்கு நல அறத்தில் சாவைவிடத் துன்பம்தான் முதல் கேள்வி. வலித்ததா, பயந்ததா, மூச்சுக்குத் தவித்ததா? கருவைப் பற்றியும் எங்கள் துறை இதைத்தான் கேட்டது. நியூசிலாந்தில் டேவிட் மெல்லரும் அவருடைய சகாக்களும் செம்மறிக் கருக்களை ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள்: கருப்பைக்குள் இருக்கும் வரை குறைந்த ஆக்சிஜனும் சில இயற்கை வேதிப்பொருள்களும் கருவை விழிப்பு நிலைக்கு வராமல் வைத்திருக்கின்றன, வெளியே வந்து காற்றைச் சுவாசித்த பிறகே உணர்வு எழுகிறது. சினை நாயின் கருப்பையை எடுக்கும்போது அதைத் திறக்காமல் முழுசாக எடுத்து மூடியபடியே வைப்பதற்கும் இதுதான் காரணம். குட்டிகள் ஒரு மூச்சும் இழுக்காமல், உணர்வு வராமலேயே அடங்கிவிடும்.

சட்டமும் இதே வழியில்தான் போகிறது, ஆனால் விசித்திரமான இடங்களில். பிரிட்டனின் 1986ஆம் ஆண்டு ஆய்வுக்கூட விலங்குச் சட்டமும், ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010ஆம் ஆண்டு ஆணையும், பாலூட்டிக் கருவுக்குச் சினைக்காலத்தின் கடைசி மூன்றில் ஒரு பங்கில் பாதுகாப்புக் கொடுக்கின்றன. சினையின் கடைசி மூன்றில் ஒரு பங்கில் இருக்கும் பாலூட்டி விலங்கை வெட்டுக்கு அனுப்புவதை ஜெர்மனி 2017இல் தடைசெய்தது. செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் மட்டும் விலக்கு. ஆக, ஆய்வுக்கூடத்து எலியின் முதிர்ந்த கருவுக்குப் பிரிட்டனில் சட்டத்தின் காவல் இருக்கிறது; தெருவைத் தாண்டினால் கிளினிக்கில் இருக்கும் நாயின் கருவுக்கு அப்படி எதுவும் இல்லை. இரட்டை நிலையைத் தேடுகிறவர்கள் மனிதருக்கும் நாய்க்கும் இடையில் மட்டும் தேட வேண்டியதில்லை.

மனம் உறுத்தாதா என்று கேட்டீர்கள். உறுத்தும். விலங்குக் காப்பகங்களில் வேலை செய்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். காப்பகத்தில் இடம் இல்லை, பிறக்கும் குட்டிகளுக்கு வீடு இல்லை, பிறந்தால் அவையோ அவற்றுக்காக வேறு நாய்களோ கொல்லப்படும் என்ற கணக்கு எல்லோருக்கும் மனப்பாடம். இருந்தும், வயிற்றைத் திறந்ததும் 55 நாள் குட்டிகள் கருப்பைச் சுவர் வழியாக அசைவது தெரிந்தால் அறுவை அறையில் பேச்சு நின்றுபோகும். குறிப்பிட்ட நாளுக்கு மேல் செய்ய மாட்டேன் என்று தனக்குத்தானே கோடு போட்டுக்கொண்ட மருத்துவர்கள் உண்டு. கூட நிற்கும் உதவியாளர் மறுப்பதும் உண்டு. அந்த நாளில் வேறொருவர் வருவார், அவ்வளவுதான். மனித மருத்துவத்தில் இந்த மறுப்புக்குத் தனிச் சட்டப்பிரிவே இருக்கிறது. இத்தாலியில் 1978 முதல் கருக்கலைப்பு சட்டப்படி செல்லும். ஆனால் பாதிக்கும் மேற்பட்ட மகப்பேறு மருத்துவர்கள் மனசாட்சியைக் காரணம் காட்டி ஒதுங்கிக்கொள்வதால் பல ஊர்களில் அது ஏட்டளவில்தான். எங்களில் மறுப்பவருக்கு வாசலில் யாரும் மாலை போடுவதுமில்லை, செய்பவருக்கு எதிராகப் பதாகை பிடிப்பதுமில்லை.

புத்த, சமண மரபுகளை முழுமையாகப் பின்பற்றுபவர்களுக்கு உங்கள் கேள்வியே எழாது. கொல்லாமை அவர்களுக்கு மனிதரோடு நின்றுவிடுவதில்லை. இந்த விவாதத்தில் முரண்பாடில்லாத நிலை அவர்களுடையது என்று நான் நினைத்ததுண்டு. என்னால் அதை ஏற்று இந்தத் தொழிலைச் செய்ய முடியாது என்பது வேறு விஷயம்.

கற்றுக்கொள்ள ஏதாவது உண்டா என்ற கேள்விக்கு ஒரே ஓர் இடத்தில் "ஆமாம்" என்பேன். தாயின் உயிர் ஆபத்தில் இருக்கும்போது நாங்கள் தயங்குவதில்லை. சினை ஆட்டுக்கு நச்சேற்றம் வந்தால் கருவை வெளியேற்றித் தாயைக் காப்பாற்றப் பார்ப்போம். கன்று உள்ளேயே செத்துச் சிக்கிக்கொண்டால் அதைத் துண்டுகளாக்கி எடுத்துப் பசுவைப் பிழைக்க வைப்போம். மனித மருத்துவத்திலும் இது புதிதல்ல. சிசேரியன் பாதுகாப்பான அறுவையாக ஆகும் வரை எல்லா நாட்டு மகப்பேறு மருத்துவர்களும் இதைச் செய்ய வேண்டியிருந்தது. குழந்தையின் பெரும்பகுதி வெளியே வராத வரை தாயின் உயிரே முந்தியது, கருவைத் துண்டாக்கியாவது அவளைக் காப்பாற்று என்று யூத மறையான மிஷ்னா சொல்கிறது. 2012இல் அயர்லாந்தில் சவிதா ஹலப்பனவர் என்ற 31 வயதுப் பல் மருத்துவருக்கு 17ஆம் வாரத்தில் கரு கலையத் தொடங்கியது. அது பிழைக்காது என்று மருத்துவர்களுக்குத் தெரியும். கலைத்துவிடுங்கள் என்று அவர் கேட்டார். கருவின் இதயம் இன்னும் துடிக்கிறது என்று காத்திருந்தார்கள். தொற்று ரத்தத்தில் பரவி அவர் இறந்துபோனார். கருப்பையில் தொற்று ஏறிக்கொண்டிருக்கும் ஒரு பெட்டை நாய் என் மேசையில் இருந்தால், பிழைக்காத குட்டியின் இதயம் நிற்கட்டும் என்று நான் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க மாட்டேன். காத்திருந்தால் அது தொழில் குற்றம். அந்த மரணம் எழுப்பிய கோபத்துக்கும் 2018இல் அயர்லாந்து மக்கள் வாக்களித்துக் கருக்கலைப்புத் தடையை அரசியலமைப்பிலிருந்து நீக்கியதற்கும் நேரடித் தொடர்பு உண்டு.

அதற்கு மேல் எங்களைப் பார்த்துப் பழக வேண்டாம். "நாய்க்கு இருக்கும் சுதந்திரம் பெண்ணுக்கு இல்லையே" என்ற வாசகம் கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நாய்க்கு எந்தச் சுதந்திரமும் இல்லை. அதன் கருவைக் கலைப்பதும், கலைக்காமல் விடுவதும், வேண்டும் என்று இணைசேர்ப்பதும், கருப்பையையே எடுப்பதும் உரிமையாளர் முடிவு. இந்த ஏற்பாட்டை மனிதர்களுக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, நடந்திருக்கிறது. 1903இல் அமெரிக்காவில் பயிர், கால்நடை இனவிருத்தியாளர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள்; 1906இல் அந்தச் சங்கமே மனித இனமேம்பாட்டுக்கென ஒரு குழுவை உண்டாக்கியது. மந்தையில் வேண்டாததைக் கழிக்கும் அதே கணக்கு. 1927இல் கேரி பக் என்ற இளம்பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. "மூன்று தலைமுறை மூடர்கள் போதும்" என்று நீதிபதி ஹோம்ஸ் எழுதினார். அந்த நாட்டில் மட்டும் 60,000 பேருக்கு மேல் அப்படி அறுவை செய்யப்பட்டார்கள். சீனாவில் ஒரு குழந்தைக் கொள்கையின் பெயரால் நடந்த கட்டாயக் கருக்கலைப்புகளும் இதே வகைதான். அங்கெல்லாம் அறுவை சுலபமாக நடந்தது. கையெழுத்து அவர்களுடையதாக இல்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டு தாராளமானவை என்று பெயர் வாங்கிய சட்டங்களைப் படித்துப் பாருங்கள். பிரிட்டனின் 1967ஆம் ஆண்டுச் சட்டத்தில் இரண்டு மருத்துவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். இந்தியாவின் 1971ஆம் ஆண்டுச் சட்டமும் பெண்ணின் விருப்பத்தோடு மருத்துவரின் கருத்தையும் கேட்கிறது. 2021 திருத்தத்துக்குப் பிறகு 20 வாரம் வரை ஒரு மருத்துவர், சில வகைப் பெண்களுக்கு 24 வாரம் வரை இருவர். ஜப்பானிலும் துருக்கியிலும் திருமணமான பெண்ணுக்குக் கணவனின் சம்மதம் வேண்டும் என்று சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. கணவன் கையெழுத்துப் போடும் அந்தக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் படிவத்தின் கடைசி வரிதான் ஞாபகம் வரும். கனடாவில் 1969 முதல் மருத்துவமனைக் குழு ஒன்று முடிவெடுத்து வந்தது. 1988இல் உச்ச நீதிமன்றம் அந்தக் குற்றச் சட்டப் பிரிவையே செல்லாது என்றது. அதன்பின் அங்கே புதிய குற்றச் சட்டம் வரவில்லை, கருக்கலைப்பு மற்ற சிகிச்சைகளைப் போல ஒரு சிகிச்சையாகிவிட்டது. நீங்கள் பொறாமைப்படும் எளிமை அங்கே இருக்கிறது, ஆனால் கையெழுத்துப் பெண்ணுடையது. உலக சுகாதார நிறுவனமும் 2022 வழிகாட்டுதலில் வேறு யாருடைய அனுமதியையும் கட்டாயமாக்க வேண்டாம் என்றே பரிந்துரைக்கிறது.

கருவுக்கென்று தனி உரிமை உண்டு என்று நம்புபவர்கள் இந்தப் பதிலில் திருப்தி அடைய மாட்டார்கள். அவர்களுடைய கேள்வி கையெழுத்துப் பற்றியதல்ல, கரு "யார்" என்பது பற்றியது. அதற்குக் கால்நடை மருத்துவத்திடம் பதில் இல்லை. வலிக்குமா என்பதற்கு மட்டும்தான் நாங்கள் பதில் தேடினோம். பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்கள் கல்லூரி 2010இல் 24 வாரத்துக்கு முன் மனிதக் கருவால் வலியை உணர முடியாது என்று சொன்ன பிறகும் அங்கே விவாதம் ஓயவில்லை. ஓயாததில் ஆச்சரியமும் இல்லை, அவர்கள் கேட்டது வலியை மட்டுமல்லவே.

கடைசிக் கேள்விக்கு: கொடுக்காதீர்கள். பெண்களுக்கு மிஃபெப்ரிஸ்டோனோடு சேர்த்துக் கொடுக்கும் மைசோப்ரோஸ்டால் மாத்திரையை, வலி மருந்தால் வயிற்றுப் புண் வந்த நாய்களுக்கு நாங்களே எழுதுவோம். ஆனால் அதைக் கடையில் வாங்கி நீங்களாகக் கொடுத்தால் கரு கலையும் என்ற உத்தரவாதம் இல்லை. வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும், பாதிக் குட்டி போய் மீதி உள்ளே நிற்கலாம், கருப்பையில் சீழ் பிடிக்கலாம். இணைந்த தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள், நான்காவது வாரத்தில் ஸ்கேன் எடுங்கள். ஊசி போட்டாலும் பத்து நாள் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்துக் கருப்பை காலியாகிவிட்டதா என்று பார்த்துவிட வேண்டும்.